டீ போடத் தெரியாதவர்களின் பெருமை

போன வருடம் ஒரு நூல் வெளியீட்டு விழா. ஏற்புரை சொல்ல வந்த எழுத்தாளர் நன்றாகவே பேசினார். நடுவில் ஓரிடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு டீ போடத் தெரியாது. ரேஷன் கடை எந்தத் தெருவுல இருக்குன்னு கேட்டா முழிப்பேன். எல்லாம் வீட்டம்மா பாத்துக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சது எழுத்து ஒண்ணுதான்." அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டம்மா முதல் வரிசையில், அவருக்குப் போர்த்திய சால்வைகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தக் கைதட்டல் உறுத்தத் தொடங்கியது. நல்ல கூட்டம். கண்டக்டர் எதையும் பிடிக்காமல், ஒரு சீட்டின் முதுகில் இடுப்பைச் சாய்த்து நின்றிருந்தார். இடது கை விரலிடுக்குகளில் பத்து, இருபது, ஐம்பது என்று நீளவாக்கில் மடித்த தாள்கள். யார் எங்கே ஏறினார், யார் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை, யாருக்கு எட்டு ரூபாய் மீதி தரவேண்டும், பின்படியில் தொங்கும் பையன்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் மெஷினில் கிடையாது. அவர் தலையில் இருக்கிறது. டிரைவர் பிரேக் போட்டபோது நாங்கள் பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம், அவர் மட்டும் அப்படியே நின்று விசில் ஊதினார். எனக்கு அந்த வண்டியில் நேராக நிற்கவே தெரியவில்லை. சற்றுமுன்தான் ஒரு மனிதர் தனக்கு எதெல்லாம் தெரியாது என்று பட்டியல் போட்டதற்குக் கைதட்டிவிட்டு வந்திருந்தேன்.

கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு கொத்தனார் மேடையேறி, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் என் பொண்டாட்டி பாத்துக்குவா" என்று சிரித்தால் கைதட்டுவோமா? "ஐயோ பாவம்" என்போம். அவருக்காகவே தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் என்று ஒன்று நடந்தது, தொண்டர்கள் ஊர் ஊராகப் போய் அரிக்கேன் விளக்கில் அட்டை வைத்து 'பட்டா, படி' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. எழுத்தாளர்களுக்கு டீ போடச் சொல்லிக்கொடுக்க இதுவரை எந்த இயக்கமும் வந்ததில்லை. தெரியாமை ஒருவரிடம் குறைபாடாகவும் இன்னொருவரிடம் மேதைமையின் அடையாளமாகவும் ஆகிவிடுகிறது. எந்தத் தெரியாமை பெருமைக்குரியது என்பதை முடிவு செய்கிற இடத்தில் நாம், அதாவது புத்தகம் வாசிக்கிறவர்கள், உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு வசதியாகத்தான் முடிவு செய்திருக்கிறோம்.

தமிழில் 'பதம்' என்று ஒரு சொல் இருக்கிறது. பதம் என்றால் சொல். பதம் என்றால் பாகு சரியாக வந்து நிற்கும் நிலையும்கூட. சோறு பதம், இரும்பு பதம், மண்ணின் பதம், கத்தியின் பதம். முதல் பதத்தில் விருப்பம் உள்ளவர்கள் இரண்டாவது பதத்தைப் பற்றிக் கவலையே படாமல் வாழ முடிகிறது. காரணம், அந்த இரண்டாவது பதத்தை யாரோ ஒருவர் நமக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இதைப் பற்றி ஐரோப்பியத் தத்துவவாதிகளும் யோசிக்காமல் இல்லை. கில்பர்ட் ரைல் 1949-இல் எழுதிய புத்தகத்தில் 'இன்னது இப்படி என்று தெரிந்திருப்பது' வேறு, 'செய்யத் தெரிந்திருப்பது' வேறு என்று பிரித்தார். ஒரு காரியத்தைப் புத்தியோடு செய்கிறவர், முதலில் மனத்துக்குள் விதிகளை ஓதிவிட்டு அப்புறம் கையை அசைக்கிறார் என்று நினைப்பது தப்பு என்பது அவருடைய வாதம். புத்தி அந்தச் செய்கையிலேயே இருக்கிறது. இங்கே நம் ஊரில் 1974-இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை வைத்து ஒரு கணினியியல் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் தினமும் காலையில் போட்டுச் சாயங்காலத்துக்குள் மிதிபட்டு அழியும் ஒன்றில், வரிசைகளை உருவாக்கும் இலக்கணம் ஒன்றைக் கண்டார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர்கள் கோலத்தைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடவில்லை, கவனித்தார்கள். புகழ்வதற்கும் கவனிப்பதற்கும் உள்ள தூரம் பற்றிப் பின்னால் வருகிறேன்.

என் அம்மா பூக் கட்டுகிறவர். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். மதுரை மல்லி என்று 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தப் பூவில் கணிசமான பங்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விளைவது. காலையில் பறித்த அரும்பு, கடைக்காரர் மூலம் பதினொரு மணிவாக்கில் வீட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் அது வாய் திறக்கும். அதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். இந்தப்பக்கம் இரண்டு, அந்தப்பக்கம் இரண்டு என்று காம்போடு காம்பு பொருந்த வைத்து, நூலை ஒரு சுழற்றுச் சுழற்றி விரலால் இழுக்க வேண்டும். இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் தலையில் வைத்த பத்தாவது நிமிடம் உதிரும். சரியான இழுப்பு எவ்வளவு என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. "அது கைக்குத் தெரியும்டா" என்பார். மழை பெய்த மறுநாள் அரும்பில் ஈரம் இருக்கும், அன்றைக்கு இழுப்பு வேறு. வெயில் காலத்து அரும்புக்கு வேறு. ஈரத்துணியை எவ்வளவு நனைத்து மூட வேண்டும் என்பதும் தினம் மாறும். இத்தனையையும் டிவி சீரியல் பார்த்துக்கொண்டே, அதில் மாமியாரைத் திட்டிக்கொண்டே செய்வார். கீழே குனிந்து பார்க்கவே மாட்டார்.

இந்த வேலைக்கு அரசாங்க மொழியில் ஒரு பெயர் வைத்தால் என்னவாக இருக்கும்? 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகளில் தொழிலாளர்களைத் திறனுடையவர், பாதித் திறனுடையவர், திறனற்றவர் என்று பிரிப்பது வழக்கமாக இருந்தது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் தந்த வேலையின் பெயரே 'திறன் சாராத உடலுழைப்பு'. சட்டம் எழுதியவர்கள் யாரையும் அவமானப்படுத்த நினைத்திருக்க மாட்டார்கள். முறையான பயிற்சியோ சான்றிதழோ தேவைப்படாத வேலை என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. ஆனால் சொல் அங்கேயே நிற்பதில்லை. அது கூலியை முடிவு செய்கிறது, அப்புறம் மரியாதையை, கடைசியில் அந்த மனிதர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்தை.

ஒருமுறை நண்பர்கள் சேர்ந்து ஊர்க் கண்மாயைச் சுத்தம் செய்யக் கிளம்பினோம். எல்லோரும் வாசிக்கிறவர்கள், எல்லோர் கையிலும் போன், சூழலியல் பற்றி நிறையக் கருத்து. இருபது நிமிடத்தில் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பொறுக்கமாட்டாமல் வந்து என் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினார். "தம்பி, நீ அத அடிக்காத. தூக்கி விட்டாப் போதும், அதுவே விழும். நீ இழு, அம்புட்டுதான்." மூன்று வாக்கியம். எடை எங்கே வேலை செய்கிறது, உடம்பு எங்கே வேலை செய்ய வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது அத்தனையும் அதில் இருந்தது. அவர் நாலு இழுப்பு இழுத்துக் காட்டியபோது மண் தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. திறன் சாராத உடலுழைப்பு!

சரி, இது திறனைப் பற்றி. தன்னம்பிக்கை என்ற சொல்லுக்கு நடந்தது இதைவிட மோசம்.

நான் படித்த பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்' என்று இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் வந்தார். ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார். என் அறைத்தோழன், பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரர் மகன், மேடையில் நின்று வியர்த்துக் கொட்டினான். 'மைசெல்ஃப்' என்ற சொல்லைத் தாண்டவில்லை. பயிற்சியாளர் அவன் தோளில் கை போட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இவர்கிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணு. கான்ஃபிடன்ஸ்."

அதற்கு முந்தின வாரம்தான் ஹாஸ்டல் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. முந்நூறு பையன்கள் பல் தேய்க்காமல் நின்றோம். வார்டன் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். இவன் போய் மோட்டார் பக்கத்தில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். "சத்தம் வெறுஞ்சத்தமா இருக்கு. சக்‌ஷன்ல காத்துப் புடிச்சிருக்கு" என்றான். ஆஃப் பண்ணச் சொன்னான், மூடியைத் திருகிக் கழற்றினான், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. "ஃபுட்வால்வ் மூடல. அடியில தூசி மாட்டியிருக்கும்" என்று குழாயை மேலே இழுக்க ஆள் சேர்த்தான். வார்டனை, அதாவது நாங்கள் எதிரில் நிற்கவே பயப்படும் வார்டனை, "சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றான். வார்டன் தள்ளி நின்றார். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வந்தது.

அவனிடம் தன்னம்பிக்கை இல்லையா? அந்த மேடையில் இல்லை, அவ்வளவுதான். மோட்டார் ரூமில் அந்தப் பயிற்சியாளரை நிறுத்தியிருந்தால் அவரிடமும் இருந்திருக்காது. ஆனால் அவரை யாரும் மோட்டார் ரூமில் நிறுத்துவதில்லை. நிறுத்தினாலும் "மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம், அதில் அவமானம் எதுவும் கிடையாது. இதுதான் என் கோபம். தன்னம்பிக்கை என்பது ஒரு மனிதனுக்குள் சர்க்கரை அளவு மாதிரி மொத்தமாக இருக்கும் அல்லது இல்லாமல் போகும் ஒரு வஸ்து என்று ஆக்கிவிட்டோம். அதை அளக்க ஒரே ஒரு மேடையையும் ஒரே ஒரு மொழியையும் வைத்துக்கொண்டோம்.

ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977-லேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒட்டுமொத்தக் குணம் அல்ல, இன்ன காரியத்தை இன்ன சூழலில் என்னால் செய்ய முடியும் என்ற கணிப்பு அது என்பது அவருடைய கருத்து. அது நான்கு வழிகளில் வருகிறது என்றார். நாமே செய்து ஜெயித்த அனுபவம், நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தது, மற்றவர்கள் சொல்லும் வார்த்தை, அந்த நேரத்து உடம்பின் படபடப்பு. இவற்றில் வலுவானது முதலாவது. கோட்டுக்காரர் விற்றது மூன்றாவதை மட்டும்தான். 'உன்னால் முடியும், உன்னால் முடியும்' என்று இரண்டு நாள் கத்தச் சொன்னார். அந்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் குழு விவாதச் சுற்றிலேயே என் நண்பன் வெளியேறினான். அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், பல வருடம் கழித்துப் பேசும்போதும், "எனக்குத்தான் கான்ஃபிடன்ஸ் இல்லையேடா" என்று அதே வார்த்தையைச் சொன்னது. இன்றைக்கு அவன் நாலு ஊருக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொடுக்கிறான். சரிவு பார்த்து, அழுத்தம் கணக்குப் பண்ணி, கடைசிச் செடிக்கும் தண்ணீர் சமமாகப் போகிற மாதிரி. ஆனாலும் இரண்டு நாள் வகுப்பில் ஒருவர் ஒட்டிய சீட்டை இன்னும் கிழிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. மேலே சொன்ன அதே அறிவொளி இயக்கம், புதுக்கோட்டை மாவட்டத்தில், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். கேலி பேசிய ஆண்கள் உண்டு. எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரிகள் கேட்டிருக்கலாம். சம்பந்தம் இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்து, நாலு முறை விழுந்து, ஐந்தாவது முறை தெருமுனை வரை போய்த் திரும்பிய பெண்ணுக்கு யாரும் 'உன்னால் முடியும்' என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை, அவள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டுரா சொன்ன முதல் இரண்டும் அங்கே இருந்தன. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிற பெண்ணைப் பார்த்து யாரும் 'ஆளுமை வளர்ச்சி' என்று சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

மறுபடி அம்மாவிடம் வருகிறேன். பூக் கட்டுவதோடு அவர் தெருவில் சீட்டும் நடத்துவார். சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக்கூடாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் சொல்லியிருக்கிறேன், அது தனிச் சண்டை. 20 பேர், மாதம் 1,000 ரூபாய். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏலம். ஒருவர் 4,000 தள்ளிக் கேட்டால் அவருக்கு 16,000. தள்ளிய பணம் 20 பேருக்கும் பிரியும், ஆளுக்கு 200. ஆகவே அந்த மாதம் எல்லோரும் 800 கட்டினால் போதும். 3,700 தள்ளினால் 815. இதெல்லாம் கால்குலேட்டர் இல்லாமல். கணக்கைவிடக் கஷ்டமான பகுதி ஒன்று இருக்கிறது. யாருக்கு இந்த மாதம் நிஜமாகவே அவசரம், யார் பொய் சொல்கிறார், முதலிலேயே எடுத்துவிட்டு யார் பின்னால் கட்டாமல் இழுப்பார், யார் கட்டாவிட்டாலும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. பதினாறு வருடம் நடத்தியிருக்கிறார். இரண்டு முறை மட்டும் பணம் முடங்கியது. இரண்டையும் தன் தோட்டை அடகு வைத்து அடைத்து, தெருவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

அப்பா இறந்த பிறகு அவருடைய கணக்கை அம்மா பெயருக்கு மாற்ற ஒரு வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினார். அம்மா அதைத் தொடக்கூட இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பையன்தான் எல்லாம்" என்றார். குரல் மாறிவிட்டது. உடம்பு சுருங்கிவிட்டது. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். திண்ணையில் இருபது பேரை அதட்டும் அந்த அம்மாள் எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை. கவுண்டர் பெண் சலித்துக்கொண்டே, "இதுகூடத் தெரியாதா? கையெழுத்தாவது போடுவீங்களா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பெருமை மாதிரி ஒன்று. அம்மாவுக்குத் தெரியாததை நான் நிரப்பிக்கொடுத்தேன் அல்லவா. இதை எழுதும்போது கூசுகிறது. அந்த மேடை எழுத்தாளருக்குக் கைதட்டியவனும் வங்கியில் பேனாவைத் திறந்தவனும் ஒரே ஆள்தான்.

'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்ற வாக்கியத்தை இருவருமே சொன்னார்கள். எழுத்தாளர் சொன்னபோது அது அவரை உயர்த்தியது. அம்மா சொன்னபோது அது உண்மை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அம்மா உட்பட.

இங்கே சில நண்பர்கள் தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள் என்று தெரியும். 'ஆமாம் தோழர், அம்மாக்களின் கைமணம், பாட்டியின் கைப்பக்குவம், மண்ணின் ஞானம்...' தயவுசெய்து வேண்டாம். ஏளனம் செய்கிறவர்களைவிட இந்த உருகல்காரர்களிடம் எனக்கு அதிகப் பயம். 'அம்மா கைப்பட்டால் தண்ணிகூட ருசிக்கும்' என்ற வரிக்கு ஒரே பொருள்தான், அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவேண்டாம். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97. ஈடுபடும் ஆண்களே கொஞ்சம் பேர் என்பது தனி. அந்த இடைவெளியின் மேல் தெளிக்கிற பன்னீர்தான் கைமணம் என்கிற புகழ்ச்சி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிறவர் 'வேலை செய்யாதவர்' என்ற கட்டத்தில் விழுகிறார். கைமணத்துக்கு அங்கே கட்டம் இல்லை.

இன்னொரு பழைய பயமும் இருக்கிறது, நியாயமான பயம். 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில். கைத்தொழிலுக்கு மரியாதை என்றுதான் அதற்கும் நியாயம் சொன்னார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். சரியாகவே சொன்னார். செருப்புத் தைப்பதில் நுட்பம் இருக்கிறது என்பது உண்மை, அதனால் செருப்புத் தைப்பவர் மகன் அதையே செய்யட்டும் என்பது அயோக்கியத்தனம். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் போயிற்று. அது போயிருக்காவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், என் தாத்தாவுக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருப்பேன். ஆகவே அன்றாடத் திறன்களை மதிப்போம் என்று யாராவது பேசினால் நான் முதலில் கேட்பது: அதை நீ கற்றுக்கொள்ளத் தயாரா? உன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பாயா? அதற்கு என்ன கூலி தருவாய்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது மதிப்பு அல்ல, வேலையை அவர்கள் தலையிலேயே வைத்திருக்கத் தரும் கையூட்டு.

நம் இலக்கியத்திடமும் இதே கேள்வி எனக்கு உண்டு. கடந்த சில வருடங்களில் இணைய இதழ்களில் வந்த கதைகளை எடுத்துப் பாருங்கள். நாயகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், அவன் கைக்குக் காப்பி வரும். எப்படி வந்தது என்று தெரியாது. கைமுறுக்குச் சுற்றும் பாட்டி வருவாள், ஆனால் அவள் எதற்காகக் கட்டைவிரலில் எண்ணெய் தொட்டுக்கொள்கிறாள் என்று கதை எழுதியவருக்குத் தெரியாது. 'அவள் விரல்கள் நடனமாடின' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். நடனமாடவில்லை ஐயா. மாவு விரலில் ஒட்டினால் முறுக்கின் வடம் கலைந்துவிடும், அதற்காகத் தொட்டுக்கொள்கிறாள். முன்னே சொன்ன தூரம் இதுதான். கவனித்தவர் காரணத்தை எழுதுவார், கவனிக்காதவர் நடனத்தை எழுதுவார். டீ போடத் தெரியாதவர் நல்ல கதை எழுத முடியாது என்று நான் சொல்லவில்லை. எழுதியிருக்கிறார்கள், தெரியும். ஆனால் தெரியாததில் பெருமைப்படத் தொடங்கிய இடத்திலிருந்து அவருடைய உலகம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை நாம்தான் கைதட்டி வளர்க்கிறோம்.

நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. மீன் கழுவ இன்னும் தெரியாது. ஸ்கூட்டர் பஞ்சரானால் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் 'தெரியாது' என்று சொல்லும்போது சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவை ஏடிஎம்முக்குக் கூட்டிப் போனேன். மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஐந்நூறு ரூபாய். முதல் நாள் நான் அழுத்த, அவர் பார்த்தார். இரண்டாம் நாள் அவர் அழுத்த, நான் பார்த்தேன். மூன்றாம் நாள், "நீ வெளிய நில்லு, பின்னால ஆளு நின்னா எனக்குக் கை ஓடாது" என்றார். நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மெஷினிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, நோட்டை மறுபடி எண்ணிவிட்டு, "இதுக்குத்தான் அந்தப் புள்ள அம்புட்டுப் பேச்சுப் பேசுச்சா?" என்று கேட்டார். எனக்கு வங்கிக் கவுண்டர் நினைவுக்கு வர ஒரு நிமிடம் ஆனது. அவர் மறக்கவே இல்லை.

அதே நாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டக் கேட்டுக்கொண்டேன். "ஆம்பளப் பய உனக்கு எதுக்கு?" என்றார். விடவில்லை. ஒரு முழம் கட்ட எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதி அரும்பின் காம்பை அறுத்துவிட்டேன், மீதியை லூசாக விட்டேன். அதற்குள் அவர் ஒரு கூடையை முடித்து ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். நான் கட்டியதை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்து, கடைக்காரர் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மெதுவாக ஓர் உதறு உதறினார். நாலைந்து அரும்பு உதிர்ந்தது.

"அப்பா போட்டோவுக்கு ஆகும். கடைக்கு ஆகாது."